பச்சைதானே எரியுது?

ஃபேன் சுற்றவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். டெஸ்டரை வைக்கிறார், எரிகிறது. "கரண்ட் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் விடுவோமா? நியூட்ரல் போயிருந்தாலும் டெஸ்டர் எரியும் என்பது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இது தெரியாதவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து நியாயம் பேசியதால் ஒரகடத்தில் ஒரு பையனுக்கு வேலை போனது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். நைட் ஷிப்டில் டிஸ்பாட்ச் லேபிள் பிரிண்டர் நின்றுவிட்டது. லேபிள் ஒட்டாமல் லாரி கிளம்பாது. கான்ட்ராக்ட் பையன் ஓடிவந்து, "லைனே வரல சார், சர்வர் ரூமைத் திறந்து பாக்கணும்" என்றான். பொறுப்பில் இருந்தவர் திரையைக் காட்டினார். "பச்சைதானே எரியுது? போய் பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." ஒன்றரை மணி நேரம் அதையே செய்தான். விடிந்து பார்த்தால் சர்வருக்குப் பின்னால் கேபிள் கழன்று கிடந்தது. கண்காணிப்புத் திரைக்குத் தனி கேபிள்; அது மட்டும் நன்றாக இருந்தது.

விசாரணையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சிஸ்டம் ராத்திரி முழுக்க 'அப்' என்றுதான் காட்டியது. பையன் சரியாகச் சொல்லவில்லை." நானும் அந்த அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவன் சொன்னதுதான் சரி என்று மனசுக்குப் பட்டது, நிரூபிக்கத் தெரியவில்லை.

இப்போது தெரியும். அந்த சர்வரில் ஓடியது லினக்ஸ். அதற்குள்ளே நான்கைந்து விர்ச்சுவல் கம்ப்யூட்டர்கள். அவற்றையும் வெளி கேபிளையும் இணைக்க 'பிரிட்ஜ்' என்று ஒன்று உண்டு. கடையில் வாங்கும் ஸ்விட்ச் பெட்டி மாதிரிதான், ஆனால் கையால் தொட முடியாது, வெறும் மென்பொருள். அதில் சேர்ந்திருக்கும் போர்ட்டுகளில் ஏதாவது ஒன்று உயிரோடு இருந்தால் போதும், பிரிட்ஜ் தன்னை 'அப்' என்று சொல்லிக்கொள்ளும். வெளி கேபிள் அறுந்தாலும் உள்ளே ஓடும் கம்ப்யூட்டர்கள் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன அல்லவா? அதனால் பச்சை. பேரனின் பழைய லேப்டாப்பில் செய்து பார்த்தேன். கேபிளை உருவினேன்; பிரிட்ஜ் அசையவே இல்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. எந்த கன்டெய்னரும் ஓடாதபோது டாக்கரின் பிரிட்ஜ் 'டவுன்' என்று காட்டும். அது கோளாறே அல்ல. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, அலாரத்தையே அணைத்து வைத்த புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

"ஆயிரம் சர்வர் இருக்கு, ஒவ்வொன்றையும் நோண்ட முடியுமா?" என்பார்கள். யார் நோண்டச் சொன்னது? பிரிட்ஜின் 'ஆப்பர்ஸ்டேட்'டைப் படிக்கிற ஸ்கிரிப்டிலேயே வெளி கேபிள் போர்ட்டின் 'கேரியர்' என்ன என்று ஒரு வரி சேர்த்துப் படித்தால் 0 என்று அப்போதே சொல்லியிருக்கும். 'பிரிட்ஜ் லிங்க்' என்று தட்டினால் அந்த போர்ட் பிரிட்ஜில் சேர்ந்திருக்கிறதா, 'ஃபார்வர்டிங்' நிலையில் இருக்கிறதா என்றும் தெரியும். அதுவும் அவசியம். ஸ்பானிங் ட்ரீ போட்டிருந்தால் கேபிளைச் செருகியதும் வழி திறக்காது. வழக்கமான அமைப்பில் 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்றுக்கொள்ளும். அந்த அரை நிமிஷம் கேபிள் நன்றாக இருக்கும், தகவல் போகாது. 1985-ல் ராடியா பெர்ல்மேன் என்ற அம்மையார் அந்த முறையை உருவாக்கியதே, தகவல் வட்டமடித்து நெட்வொர்க்கையே முடக்கிவிடக் கூடாது என்றுதான். கடைசியாக, உள்ளே ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து கேட்வேக்கு ஒரு பிங். பதில் வந்தால்தான் பச்சை போடு.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் திரையை விற்றவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. வாங்கியவரையும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து ஓடி, லைன் வரவில்லை என்று சரியாகச் சொன்னவனைத்தான் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் கடிதம்கூடக் கிடையாது.

கேட் வரைக்கும் அவனோடு நடந்து போனேன். சுங்குவார்சத்திரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். "நான் கேபிளைத்தான் சார் பாக்கச் சொன்னேன்" என்றான். ஆமாம் தம்பி என்றேன். அதை உள்ளே சொல்லியிருக்க வேண்டும்.