பிழையும் பிள்ளையும்

கணினிக்கு நிரல் எழுதுவது நம் தொழில். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பயிற்சி ஏட்டைப் பார்ப்பது நம் மாலைக் கடமை. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாத வேலைகள் போலத் தோன்றும். ஆயினும், பகலில் கற்றது மாலையில் கைகொடுப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அவ்வாறு கண்டவற்றுள் ஒன்றைப் பெற்றோர்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிரல் என்பது யாது? கணினி செய்யவேண்டிய வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதிய கட்டளைகளின் வரிசையே நிரல். பத்து வயதுப் பெண்ணிடம் "தேநீர் கலக்கிக் கொண்டு வா, அம்மா" என்றால், அவள் நீரைக் கொதிக்க வைப்பாள், குவளையைக் கழுவுவாள், சீனி போதுமா என்றும் பார்ப்பாள். கணினியோ சொன்னதை மட்டும் செய்யும். குவளையை எடுத்து வை என்று எழுதாவிட்டால், தேநீரைத் தரையில் ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நிற்கும். ஆகவே, எத்துணைத் தேர்ந்தவர் எழுதினாலும் நிரலில் பிழை புகுதல் இயல்பு. எழுதும் நேரத்தைவிடப் பிழை தேடும் நேரமே மிகுதியாகும் நாள்கள் இத்தொழிலில் பல.

நிரற்பிழையை ஆங்கிலத்தார் 'பூச்சி' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பர். எந்திரக் கோளாறுகளுக்கு அச்சொல் நெடுநாள் வழங்கி வந்ததே. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெருங்கணினிக்குள் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதனைக் கண்டவர்கள் வெளியே எறிந்துவிடவில்லை. பணிப்பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்து, வேடிக்கையாக ஒரு வரியும் எழுதி வைத்தனர். அப்பக்கம் இன்றும் வாஷிங்டன் நகரின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. கண்ட பிழையை மறைக்காமல் குறித்து வைத்தல் என்னும் நற்பழக்கத்திற்கு அப்பக்கம் ஒரு சான்று.

இனி, நம் வீட்டுக் கூடத்திற்கு வருவோம். பிள்ளையின் கணித ஏட்டில் சிவப்பு மையைக் கண்டதும் நாம் செய்வது என்ன? "மண்டையில் களிமண்ணா இருக்கிறது?" என்று சினப்போர் உளர். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். பிரம்பைத் தேடுவோரும் உளர். இவற்றால் பிள்ளை கற்றுக்கொள்வது கணிதம் அன்று. ஏட்டை ஒளித்து வைக்கும் கலையே.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு சிறுவன் 35 என்று எழுதுகிறான். சரியான விடை 25. இது கவனக்குறைவா? "எப்படிச் செய்தாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று" என்பான். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கவேண்டும் என்று எப்போதோ கேட்டதை ஒவ்வோர் இலக்கத்திற்கும் அவன் தவறாமல் கடைப்பிடிக்கிறான். பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கவேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவன் சோம்பேறி அல்லன். தவறான விதி ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றுபவன். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் ஆய்வாளர் இருவர், பிள்ளைகளின் கழித்தற்பிழைகளை நிரற்பிழைகளைப் போலவே ஆராய்ந்து 1978-இல் கட்டுரை வெளியிட்டனர். பிள்ளைகளின் பிழைகளுள் பல, கண்மூடித்தனமாக வருபவை அல்ல, அவற்றுள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதே அவர்கள் காட்டிய உண்மை. அவ்வொழுங்கைக் கண்டால் திருத்துவது எளிது. காணாமல் அடித்தால், அச்சிறுவன் நாளையும் 35 என்றே எழுதுவான். அழுதுகொண்டு எழுதுவான், அவ்வளவே.

"எமக்கு எழுத்தறிவு குறைவு, பிள்ளையின் கணக்கை எப்படிப் பார்ப்பது?" என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் வினவலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. நிரலில் பிழை அகப்படாதபோது, எழுதியவர் அதனை வரிவரியாக மற்றொருவர்க்கு விளக்குவது எம் தொழிலின் வழக்கம். கேட்பவர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. விளக்கிக்கொண்டே வரும்போது, சொல்பவர்க்கே பிழை புலப்பட்டுவிடும். 1999-இல் வெளிவந்த நிரலாக்க நூல் ஒன்று, ஆள் கிடைக்காவிட்டால் மேசைமேல் ஓர் இரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து அதற்கு விளக்கும் வழக்கத்தை எடுத்துக் கூறுகிறது! இரப்பர் வாத்தே இவ்வளவு உதவி செய்யுமாயின், பால்மரம் சீவி அவ்விரப்பரை உலகிற்குத் தந்த கைகள் பிள்ளையின் அருகில் இருப்பது எத்துணைப் பெரிய துணை! "எப்படிச் செய்தாய், சொல்லு" என்னும் கேள்விக்குப் பட்டம் வேண்டா. பத்து நிமிடப் பொறுமை போதும்.

மேலும், பிழையிலிருந்து கற்பதைப் பால்மரம் சீவுவோர்க்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உளி ஆழப் பதிந்தால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டுமுண்டாக வளரும். மேலோட்டமாய்ச் சென்றால் மங்கில் பால் குறையும். அந்த அளவு கைக்கு வந்தது முதல் நாளிலா? மரத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததன்றோ! தம் கைக்குக் கொடுத்த காலத்தைப் பிள்ளையின் மூளைக்கும் கொடுக்கவேண்டும்.

பிழையைச் சொல்ல அஞ்சினால் என்ன நேரும்? செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் ஒரு விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதத்திற்கும் மேலாகப் பயணம் செய்த அக்கலம், 1999 செப்டம்பர் 23-ஆம் நாள், செவ்வாயை அடைந்த அன்றே அழிந்தது. காரணம் அளவை அலகு! தரையிலிருந்த ஒரு நிரல், விசைக் கணக்கைப் பழைய ஆங்கில அலகில் தந்தது. அதனைப் பெற்ற மற்றொரு நிரல், மெட்ரிக் அலகு என்றே கொண்டது. "விடைக்குப் பக்கத்தில் அலகை எழுது" என்று ஆசிரியர் சொல்வது ஏன் என்று இப்போது விளங்குகிறதா, மாணவர்களே? இதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. கணக்கில் ஏதோ பொருந்தவில்லை என்பதைக் கலத்தின் வழியைக் கணித்தோருள் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். அவர்களின் ஐயம் உரியவாறு எட்டவேண்டிய இடத்தை எட்டவில்லை என்று விசாரணைக் குழு அறிவித்தது. சொல்லப்படாத ஐயமும் கேட்கப்படாத ஐயமும் ஒரு கலத்தையே வீழ்த்தும். "புரியவில்லை" என்று வகுப்பில் சொல்ல அஞ்சும் பிள்ளையின் ஐயம் எதை வீழ்த்தும் என்பதைப் பெற்றோரே எண்ணிப் பாருங்கள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது, "இனிப் பிள்ளையின் நிலையை எப்படி அறிவது?" எனப் பலர் கவலையுற்றனர். தேர்வு வரலாம், போகலாம். பயிற்சி ஏடு நாள்தோறும் வீட்டிற்கு வருகிறது. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்து, மலாய்மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை செல்கையில், மறைத்து வைத்த பிழைகளும் கூடவே செல்லும். அங்கே புதிய மொழிச்சூழலோடு பழைய ஐயமும் சேர்ந்து அழுத்தினால், பிள்ளை பள்ளியையே வெறுக்க நேரும்.

"இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பர் சிலர். நாம் கூறுவது செல்லம் அன்று. நிரல் எழுதுவோர் பிழையை மன்னித்து விட்டுவிடுவதில்லை. அதன் வேர் அகப்படும்வரை உறங்குவதுமில்லை. பிழையிடம் கண்டிப்பு, பிள்ளையிடம் கனிவு என்பதே நம் கொள்கை. அடிப்பது ஒரு நொடி வேலை. பிழையின் வேரைத் தேடுவதே கடினமான வேலை.

ஆயினும், கணினிக்கும் பிள்ளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிரல் கெட்டுவிட்டால், நேற்றைய படியை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கலாம். "நீ எதற்கும் உதவாதவன்" என்று பிள்ளையிடம் சொன்ன சொல்லை அவ்வாறு திரும்ப எடுக்க இயலாது. கணினிக்கு நாணம் இல்லை, பிள்ளைக்கு உண்டு.

மாணவச் செல்வங்களே! தவறான விடையை அழிப்பானால் தேய்த்து மறைக்காதீர்கள். ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எங்கே வழி தவறியது என்பது பின்னர்ப் பயன்படும். கைப்பேசி விடையை நொடியில் தந்துவிடும். அதனைப் பார்த்து எழுதிவிட்டால், உங்கள் வழி எங்கே பிறழ்ந்தது என்பதை நீங்கள் அறியவே மாட்டீர்கள். ஆசிரியரிடம் சென்று, "ஐயா, இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை" என்று இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்த மாணவர், பாதி வழியைக் கடந்துவிட்டவர்.

பெற்றோர்களே! இன்று மாலை பிள்ளையின் ஏட்டைத் திறந்து, சிவப்பு மை உள்ள பக்கத்தைத் தேடுங்கள். "ஏன் தவறு செய்தாய்?" என்று கேளாமல், "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். ஏடுகள் ஒளிந்திராத வீடுகள் பெருகட்டும். நம் பள்ளியும் பிள்ளைகளும் வளம்பெறுக!