வீட்டிலிருந்து சர்க்கார் வேலை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே 18 முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அலுவலகங்கள் பாதி ஊழியர்களுடன், வாரம் ஆறு நாள், முறை வைத்து நடந்தன. வருஷத்தில் 15 நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று அதே மாதத்தில் மத்திய சர்க்காரும் ஒரு நகல் திட்டம் அனுப்பியது.

"நாம் கூலியில்லாமல் கிடந்தபோது அவர்கள் சம்பளத்தோடு வீட்டிலிருந்தார்களே!" என்று ஆலைவாசலில் பேசுவோர் உண்டு. அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் புரிகிறது. ஆனால் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் குமாஸ்தாவின் வீடல்ல. அவருடைய அகவிலைப்படியையும் அந்த ஏப்ரலிலேயே முடக்கினார்கள்.

மடவார் வளாகத்தில் குடியிருந்து விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் ஒரு பெண் ஊழியரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் அடுப்பு, பிறகு சிவகாசி வழியாக பஸ், திரும்பி வர இருட்டு. எட்டு மணி வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது. பஸ்ஸில் போகும் மணிகளை யார் கணக்கில் வைத்தார்கள்? கோப்பும் கணக்கும் கம்ப்யூட்டரில் நடக்கும்போது வாரத்தில் இரண்டொரு நாள் அவர் வீட்டிலிருந்து பார்த்தால் யாருக்கு நஷ்டம்? அவர் இடத்தில் ஆலைத் தொழிலாளி பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம்!

ஆனால் தாலுகா ஆபீஸ் ஜன்னல் வேறு விஷயம். பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வரும் விவசாயத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்துதான் வருகிறார். 'நாளைக்கு வா' என்ற சொல்லை அவர் ஆயுள் முழுதும் கேட்டவர். (துண்டு போட்ட காலி நாற்காலியை நாம் பார்க்காததா!) அங்கே ஆள் இருந்தே தீர வேண்டும். இணையத்தில் மனுப் போடு என்பது எழுத்தறியாதவருக்குப் பதிலாகாது.

இன்னொரு அபாயமும் உண்டு. வீட்டு வேலை நமக்குப் புதிதல்ல. சிவகாசி, சாத்தூர் பக்கம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டினார்கள். இடமும் விளக்கும் அவர்களுடையது, நேரத்துக்கு எல்லையில்லை, கூலியோ எண்ணிக்கைக்கு. வீட்டிலிருந்து உழைப்போருக்காக சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996-ல் இயற்றிய 177-வது ஒப்பந்தத்தை இந்திய சர்க்கார் ஏற்கவில்லை. நாளை குமாஸ்தாவின் மின்சாரச் செலவும் அவர் தலையில் விழலாம். இரவு பத்து மணிக்கும் அதிகாரியின் போன் வரலாம். பிரான்சில் 2017 முதல், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே நாம் கோருவது: கோப்பு வேலைக்கு வீட்டில் சில நாட்கள், கருவியும் இணையச் செலவும் சர்க்கார் பொறுப்பில், நேரத்துக்கு வரம்பு. இந்த ஏற்பாட்டைச் சாக்காக வைத்து ஒரு பதவியையும் ஒழிக்கக் கூடாது. காலி இடங்களை நிரப்ப வேண்டும். ஜன்னலில் எல்லா வேலை நாட்களிலும் ஆள். இதை ஊழியர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவாகக் கொடுக்கட்டும்.