ஜில்லா மாறலாம், எல்லைத் தெய்வம் மாறாது

பூர்வீக ஊரின் பெயர் தெரிந்திருந்தும் அவ்வூர் எங்குள்ளது என அறியாது, குலதெய்வ வழிபாடு விட்டுப்போன குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவ்வாறு திகைத்ததுதான்.

பாட்டனார் 1908-இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம் எங்களிடம் இருந்தது. அதிலுள்ள 'திருநெல்வேலி ஜில்லா' என்னும் சொற்களை மட்டும் பற்றிக்கொண்டு, என் தமையனார் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் அதே பெயருடைய ஓர் ஊரைக் கண்டறிந்து, அங்குள்ள அய்யனாருக்குப் பல்லாண்டுகள் பொங்கலிட்டு வந்தார். ஆயினும் அவ்வூர்ப் பெரியோர் ஒருவருக்கும் எங்கள் முன்னோரைத் தெரியவில்லை. அக்குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

வங்கியில் பிறருடைய மூலப்பத்திரங்களை நாள்தோறும் ஆராய்ந்த நான், சொந்தப் பத்திரத்தை ஓய்வு பெற்ற பிறகே ஊன்றிப் படித்தேன். ஜில்லாவை அடுத்து 'சாத்தூர் தாலுகா' என்று தெளிவாக எழுதியிருந்தது.

சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. அவ்வாண்டு புதிதாக அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவுடன் அவை சேர்ந்தன. 1985-இல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, இன்று விருதுநகர் என வழங்கும் மாவட்டத்திற்கு வந்தன. ஆண்டாள் அவதரித்த தலம் ஓரடியும் நகரவில்லை. ஏட்டில் மட்டும் அது மூன்று ஜில்லாக்களைக் கண்டுவிட்டது.

திருத்தணியும் அவ்வாறே. 1911 வரை வட ஆற்காடு, பின்னர் சித்தூர், 1960 முதல் செங்கற்பட்டு, இன்று திருவள்ளூர். மயிலாடுதுறை 1991 வரை தஞ்சாவூரிலும், அதன்பின் நாகப்பட்டினத்திலும் இருந்து, 2020-இல் தனி மாவட்டம் ஆயிற்று.

ஆகவே, பழைய பத்திரத்தை எடுத்தவுடன் முதலில் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டில் அந்த ஜில்லாவின் எல்லை எதுவரை இருந்தது என்று விசாரியுங்கள். ஜில்லாவைக் காட்டிலும் தாலுகாவும், தாலுகாவைக் காட்டிலும் கிராமத்தின் பெயரும் உறுதியான அடையாளங்கள். பத்திரம் பதிவான சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகம் எந்த ஊரில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து விவரத்தில் உள்ள நான்கெல்லையை விட்டுவிடாதீர்கள். ஓடை, ஊருணி, கோயில் ஆகியவை அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் பத்திரத்தில் வடக்கெல்லையாக அய்யனார் கோயில் ஊருணி இருந்தது. சாத்தூர்ப் பக்கத்து அவ்வூருக்குச் சென்றபோது, முதியவர் ஒருவர் பாட்டனாரின் பெயரைக் கேட்டதும் எங்களைக் கோயிலுக்கே அழைத்துச் சென்றார். "இத்தனை காலம் வேறு வாசலில் நின்றுவிட்டேனே" என்று தமையனார் கண்கலங்கினார். "அண்ணா, அங்கு பொங்கலை ஏற்றுக்கொண்டவரும் அய்யனார்தானே" என்றேன். இன்று இரண்டு கோயில்களுக்கும் அவர் பொங்கல் அரிசி அனுப்புகிறார்.

பெட்டியில் உறங்கும் பத்திரங்களை இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். ஆண்டு, தாலுகா, கிராமம், தெய்வத்தின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். நமக்குப் பின் அவர்கள் வழி தேடி அலையாதிருக்க அது உதவும்.