இந்த வெயிலுக்கு அவருக்கு என்ன உடை?

பங்குனி பிறந்தால் நாம் முதலில் செய்கிற காரியம், பட்டையும் சிந்தெடிக்கையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, சுங்குடியையும் நூல் புடவையையும் வெளியே எடுப்பதுதான். பெண் குழந்தைக்குக் கையில்லாத காட்டன் கவுன் இரண்டு தைத்து வைப்போம். ஆனால் வீட்டு ஆண்கள்? தை மாதக் குளிரில் போட்ட அதே பேண்ட்டையும் சட்டையையும் சித்திரையிலும் போட்டுக்கொண்டு வேர்த்து வழிகிறார்கள். "ஆம்பளைக்கு என்ன, எதையோ மாட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

போன வருஷம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். காலோடு ஒட்டிய ஜீன்ஸ், பளபளக்கும் பாலியஸ்டர் டீ ஷர்ட், இதுதான் அவன் நாகரிகம். காலையில் மாட்டினால் இருட்டுகிற வரை கழற்றமாட்டான். சித்திரையில் ஒருநாள் துவைக்கப் போடும்போது அவன் பேண்ட் பையில் காலியான களிம்பு டியூப் மூன்று கிடந்தன.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லம்மா, நீ போ!" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இவரை விட்டுக் கேட்கச் சொன்னேன். தொடை இடுக்கில் படையாம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு மாதமாக மருந்துக் கடையில் தானே களிம்பு வாங்கித் தடவியிருக்கிறான். தடவினால் நாலு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகப் படரும். வயிறு வரை ஏறிவிட்டது.

தோல் டாக்டர் அந்த டியூப்பைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். படை என்பது பூஞ்சையால் வருவது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிக் காட்டுமே தவிர, உள்ளே பூஞ்சை வளர இடம் கொடுத்துவிடும். நாளாக ஆகத் தோலும் மெலிந்துபோகும். படை மறைந்த மாதிரி தெரிந்தாலும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை விடக்கூடாது என்றார். "மருந்து பாதி, உடுப்பு பாதி. ஈரமும் புழுக்கமும் இருக்கிற இடத்தில்தான் இது குடியிருக்கும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆண்களின் அலமாரி என் பொறுப்பில் வந்துவிட்டது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் துணி. கடையில் "காட்டன் மாதிரி" என்பார்கள். நம்பாதீர்கள், உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். தைக்க வாங்கும் துணியானால் ஓரத்து நூல் இரண்டை உருவி வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சட்டை சுருங்கி, தம்பிக்குத்தான் ஆகும்.

அடுத்தது நிறம். வெயிலில் அலைகிறவர்களுக்கு வெள்ளை, சந்தனம், இளம்பச்சை நல்லது. சாம்பல் நிறமும் வெளிர்நீலமும் அழகுதான், ஆனால் அக்குள் வேர்வையை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பஸ்ஸில் போகிறவருக்குச் சின்னக் கட்டம் போட்ட சட்டை உத்தமம், வேர்வை தெரியாது. கொஞ்சம் பருமனானவருக்குப் பெரிய கட்டம் வேண்டாம், மெல்லிய நெடுக்குக் கோடு எடுப்பாக இருக்கும்.

கட்டம் என்றதும் என் மகன், "தாத்தா சட்டை!" என்று முகத்தைச் சுளித்தான். "டேய், அமெரிக்காவில் வசந்தமும் கோடையும் வந்தால் ஆண்கள் ஆசையாகப் போடுகிற கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'தான். நம்ம ஊர்த் தறியிலிருந்து போனதுடா" என்றேன். மறுநாள் அவனே ஒன்று வாங்கி வந்தான்!

இறுக்கம் போய்த் தளர்ச்சி மறுபடி நாகரிகமாகியிருப்பது நமக்கு நல்ல காலம். தொளதொள கால் வைத்த பேண்ட், அரைக்கை லினன் சட்டை, மடிப்பில்லாத சின்னக் காலர் எல்லாம் இப்போது இளைஞர்களே விரும்பிப் போடுகிறார்கள். ஜீன்ஸை மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு கைலிக்கு மாறட்டும்.

விசேஷத்துக்கு வேட்டியைவிடக் குளுமையானது எது? "கிளப்புல விருந்து, வேட்டியில போனா உள்ளே விடுவாங்களா?" என்று இவர் தயங்கினார். கிளப் போன்ற இடங்களில் வேட்டி கட்டி வந்தவரைத் தடுக்கக்கூடாது என்று நம் தமிழ்நாட்டில் 2014-ல் சட்டமே வந்துவிட்டது. மிடுக்காகக் கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கஞ்சியை மட்டும் லேசாகப் போடுங்கள்; தகடு மாதிரி விறைத்தால் காற்று புகாது.

வெளியே தெரியாத உடுப்புதான் முக்கியம். உள்ளாடையும் பனியனும் சுத்தப் பருத்தியாக, இறுக்காமல் இருக்கட்டும். தினம் மாற்றியாக வேண்டும். அரை ஈரத்தோடு மாட்டக்கூடாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். ஆளுக்கொரு துண்டு கட்டாயம். ஒருவருக்குப் படை வந்தால் துண்டு வழியாக வீட்டுக்கே வந்துவிடும்.

இன்னொன்று, வளர்ந்த பிள்ளை அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லமாட்டான். நாம்தான் அப்பாவை விட்டோ மாமாவை விட்டோ பக்குவமாகக் கேட்க வேண்டும். திட்டினால் அடுத்த டியூப்பை இன்னும் பத்திரமாக ஒளித்து வைப்பான்.

என் மகனுக்கு முழுசாகக் குணமாக மூன்று மாதம் பிடித்தது. இந்தப் பங்குனியில் அவனே வந்து, "அம்மா, போன வருஷத்துக் காட்டன் சட்டையெல்லாம் எங்கே வெச்சே?" என்று கேட்டான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஆண்களின் அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்!