சர்க்கரை ஏறுவது வாயினால் மட்டுமா?

"வாயைக் கட்டினால் சர்க்கரை இறங்கும்" என்பது நம்மவர் பேச்சு. இறங்காதவனைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று வீட்டில் ஏசுகிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரும் ஏசுகிறார். "எந்நேரமும் தூங்கி வழிகிறான்" என்று வேலையிடத்தில் மேலதிகாரி ஏசுகிறார். இத்தனை ஏச்சில் எவருக்காவது சர்க்கரை இறங்கியதுண்டா? இல்லையென்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்?

தோழர்களே, தாய்மார்களே! காய்ச்சல் வந்தால் டாக்டர் மருந்து கொடுக்கிறார். நாலு நாளில் எழுந்து விடுகிறோம். சர்க்கரை நோய் அப்படிப்பட்டதல்ல. இதில் நோயாளிதான் பாதி டாக்டர். வேளைக்கு மாத்திரை, அளவறிந்த சாப்பாடு, தினமும் நடை, பாதத்தில் புண் உண்டா என்று பார்ப்பது, மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை என்று ஆயுள் முழுவதும் ஓயாத வேலை. இந்த வேலைக்கு மனதில் ஒரு பிடிப்பு வேண்டும். மனச்சோர்வு முதலில் பறிப்பது அந்தப் பிடிப்பைத்தான். "யாருக்காக மாத்திரை போட வேண்டும்?" என்ற எண்ணம் வந்துவிட்டால் நடை நிற்கிறது, மாத்திரை தவறுகிறது, கண்ட வேளையில் கண்டது வாய்க்குள் போகிறது. மனம் நெடுநாள் நெருக்கடியில் இருந்தால் கார்டிசால் என்ற சுரப்பு உடம்பில் மிகுந்து, சர்க்கரையை அது வேறு ஏற்றுகிறது.

மறுபக்கம் பாருங்கள். சர்க்கரை ஏறியவனுக்குக் கைகால் அசதி. இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுந்து தூக்கம் கெடுகிறது. பாதம் எரிகிறது. கண் போய்விடுமோ, காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் நெஞ்சை அரிக்கிறது. இப்படியே போனால் மனம் சோராமல் என்ன செய்யும்? ஆக, சோர்வு சர்க்கரையை ஏற்ற, சர்க்கரை சோர்வை வளர்க்க, இரண்டும் செக்கு மாடாகச் சுற்றுகின்றன. நீண்ட துயரத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்.

இது பணக்காரர்களின் மனக்கவலை என்று எவரும் ஒதுக்க வேண்டாம். சென்னையில் 25,455 பேரிடம் எடுத்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் மனச்சோர்வு இருந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் அது 19. வருமானம் மிகுந்தவர்களிடம் 6. கூலி குறையக் குறையச் சோர்வு கூடுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கல்கத்தாவில் நம் நிலைமை என்ன? இரவு டூட்டி முடிந்து காலையில் வருகிறவன் எந்த வேளையைக் காலை வேளை என்று கணக்கிட்டு மாத்திரை போடுவான்? பெற்றவர்கள் ஊரில், பிள்ளைகள் வேறொரு மாநிலத்தில் என்றால், "சாப்பிட்டாயா?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு வங்காளி "மொன் பாலோ நேய்" என்று கூசாமல் சொல்லி விடுகிறார். நம் தாய்மார்கள் "உடம்பு அசதி", "தலை பாரம்" என்று மட்டும் சொல்கிறார்கள். அதையும் பாதி இந்தியில், பாதி சைகையில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையில் நூறு பேர் நிற்கையில் டாக்டருக்கு மனம் எங்கே தெரியப் போகிறது? மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி அனுப்பி விடுகிறார். பழைய மாத்திரையையே விழுங்காதவருக்குப் புதிய அளவு என்ன செய்யும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சென்னை, டில்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில், மனச்சோர்வும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் தொடர்ந்து விசாரித்து, சர்க்கரைக்கும் மனதுக்கும் சேர்த்தே துணை நின்றார். சர்க்கரை நிபுணரும் மனநல மருத்துவரும் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். 2 ஆண்டுக்குப் பின், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அத்துடன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது போதிய அளவு குறைந்தவர்கள், துணை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 72, மற்றவர்களில் 57. பெரிய இயந்திரம் எதுவும் இந்த வேறுபாட்டைச் செய்யவில்லை. விடாமல் விசாரித்த ஒரு மனிதர் செய்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனதுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சர்க்கரை தானாக இறங்கி விடாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மனநல மருந்துகள் சில எடையைக் கூட்டும். ஆகவே எந்த மருந்து எடுக்கிறோம் என்பதை இரு டாக்டர்களிடமும் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் நாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தால் அதை மனப்பயம் என்று விட்டு விடாதீர்கள். சர்க்கரை மிகக் கீழே இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும். உடனே பரிசோதிக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது என்ன? அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது நம் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எனவே ஒவ்வொரு சர்க்கரை கிளினிக்கிலும் நோயாளியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுவோம். கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? எதிலும் நாட்டம் இல்லாமல் போயிற்றா? இதற்குச் செலவு ஒரு நிமிடம். நோயாளியின் மொழியில் கேட்க ஆள் வேண்டும். சர்க்கரை நோயுள்ள தொழிலாளிக்கு இரவு டூட்டி ஒதுக்கும்போது அவருடைய சாப்பாட்டு வேளையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து நடங்கள். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய் வாருங்கள். போனால் கணக்குக் கேட்காதீர்கள், நலம் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசம்; தமிழிலும் பேசலாம். "செத்தால் தேவலை" என்று ஒருவர் சொன்னால், விளையாட்டு என்று எண்ணாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கூலி உயர்வு கேட்க ஒன்று சேர்ந்தோம். அந்தக் கூலியை வாங்க உயிரோடும் தெம்போடும் இருக்கவும் ஒன்று சேருவோம்.