பூஜ்யம் டி.டி.எஸ்.

அம்பத்தூரில் நண்பர் ஒருவர் தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு ஷெட், எட்டுப் பேர், ஒரு மினி லாரி, சுவரில் பிள்ளையார் காலண்டர். அபார்ட்மென்ட்களுக்கு ஆர்.ஓ. பிளான்ட் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பதுதான் தொழில். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சில ஐ.டி. கம்பெனிகள் 'தண்ணி இல்லப்பா, வீட்டிலிருந்தே வேலை பாருங்க' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புண்ணியத்தில் ஆர்டர் குவிந்து, இப்போது 22 இடங்கள்.

போன வருஷம் டை கட்டிய இளைஞர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். பிளான்ட்டில் சென்ஸார் வைத்துவிட்டால் உப்பளவு, அழுத்தம், நீரோட்டம் எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் செல்போனுக்கே வந்துவிடுமாம்.

"இனிமே ஆளே போக வேண்டாம் சார்!"

இதை அவர் சொன்னபோது அந்த 'ஆள்' பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். வயது 54. நண்பரின் அப்பா காலத்திலிருந்து சர்வீஸ். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். மோட்டார் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்வார். ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "எறநூறு இருக்கும்" என்பார். மீட்டர் 210 காட்டும்.

அன்று அவர் டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

நண்பர் ராத்திரி எனக்குப் போன் செய்தார். "என்னடா பண்றது? வாங்கினா அவர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும். வாங்கலேன்னா இன்னொருத்தன் வாங்கி என் வயித்துல அடிப்பான்."

யோசித்தால், ஆர்.ஓ.வே ஒரு காலத்தில் புதுசுதான். சவ்வின் இரு பக்கமும் தண்ணீர் இருந்தால், நல்ல தண்ணீர் தானாக உப்புத் தண்ணீர்ப் பக்கம் போகும். அது இயற்கை. உப்புப் பக்கம் அழுத்தம் கொடுத்து அதைத் திருப்பி அனுப்புவதுதான் ஆர்.ஓ. அதற்கு ஏற்ற சவ்வை லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இரண்டு பேர், சிட்னி லோப், நம் நாட்டிலிருந்து போன ஸ்ரீனிவாச சௌரிராஜன். 1965ல் கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்கிற சின்ன ஊரில் பிளான்ட் போட்டுப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் குடிதண்ணீர் ரயிலில் வந்த ஊர் அது. அங்கேயும் யாரோ ஒருத்தர் தாடையைச் சொறிந்துகொண்டு, "சரி, போட்டுத்தான் பாப்போமே" என்று சொல்லியிருக்க வேண்டும்.

சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும் என்று இளைஞர் பழைய கணக்கைக் கேட்டார். நண்பர் லாக் புத்தகத்தை எடுத்தார். ஏப்ரல் 1, டி.டி.எஸ். 85. ஏப்ரல் 2, 85. ஏப்ரல் 3, 85. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. பிரமாதமான தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தரம் 500, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம். 85 என்றால் கேள்வியே இல்லை. கடைசி வரியைப் பார்க்கும் வரை நண்பருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏப்ரல் 31, 85.

"என்னண்ணே இது? ஏப்ரல்ல 31 எங்கேருந்து வந்துச்சு?"

பெரியவர் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தே சொன்னார். "22 எடம் சார். ஒரு மனுஷன், ஒரு ஓட்ட ஸ்கூட்டர். தெனம் எப்படி சார் எல்லா எடமும் போறது? போன நாள்ல பாத்தது நெசம். போகாத நாளும் நோட்டுல கட்டம் இருக்கே!"

பொய்தான். ஆனால் அதைப் பெரியவர் மட்டும் எழுதவில்லை என்பது நண்பருக்குப் புரிந்தது. அந்தப் பொய்க்கு விலையும் உண்டு. மெம்ப்ரேன் ஒரே நாளில் சாவதில்லை. நீரோட்டம் 10, 15 சதவிகிதம் குறையும்போதே கவனித்துக் கழுவிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம், பாசிக்குக் காரம். விட்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். இரண்டு இடங்களில் ஏற்கெனவே எறிந்திருந்தார்கள்.

இரண்டு பிளான்ட்டில் மட்டும் சென்ஸார் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முதல் மாதம் மெஷின் ஜெயித்தது. உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ந்துபோனதை உடனே சொல்லிவிட்டது. நோட்டுப் புத்தகம் என்றைக்கும் ராத்திரி விழித்திருந்ததில்லை.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் திரை முழுக்கப் பச்சை. டி.டி.எஸ். பூஜ்யம்! நண்பர் பூரித்துப்போய் அதைப் படமெடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டார். செக்ரட்டரி கட்டை விரலை உயர்த்தினார். பெரியவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஆர்.ஓ. தண்ணி பூஜ்யம் வராது. அங்க தண்ணியே இல்ல" என்றார்.

உண்மை. அந்த சென்ஸார் உப்பை எண்ணுவதில்லை. மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடுகிறது. மோட்டார் நின்று குழாய் காலி. காற்றில் மின்சாரம் பாயவில்லை. ஆகவே பூஜ்யம், ஆகவே பரிசுத்தம். இல்லாத தண்ணீருக்கு நூற்றுக்கு நூறு! நீரோட்டக் கணக்கு திரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கிருமி இருக்கிறதா என்பதோ எந்தப் பக்கத்திலும் கிடையாது. அதற்கு லேப்தான்.

கடைசியில் நண்பர் செய்தது இது. போர் தண்ணீர் மிக மோசமாக உள்ள எட்டு இடங்களுக்கு மட்டும் சென்ஸார். அந்தச் செல்போன் பெரியவர் கையில். சம்பளத்தில் கொஞ்சம் உயர்வு, கூட ஒரு பையன், ஓடக்கூடிய ஒரு ஸ்கூட்டர். மீதி 14 இடங்களுக்கு நோட்டுப் புத்தகமே. ஒரே ஒரு நிபந்தனை: போகாத நாளில் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். திட்டு கிடையாது.

உங்கள் ஆபீஸிலும் இந்த மாதிரி டை கட்டிய ஒருவர் வருவார். 'ஆளே வேண்டாம்' என்பார். முதலில் உங்கள் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆள் வேண்டாமா, இன்னொரு ஆள் வேண்டுமா என்று அதுவே சொல்லிவிடும்.

பெரியவரிடம் புது மெஷின் எப்படி என்று போன வாரம் கேட்டேன். "பரவால்ல சார்" என்று சிரித்தார். "என்ன, அதுல ஏப்ரலுக்கு முப்பதே நாள்தான் இருக்கு."