‘கோடிங்குக்குக் கணக்கு வேண்டாம்’ என்பது பொய்

“கோடிங் கற்றுக்கொள்ளக் கணக்கு தேவையே இல்லை.” பயிற்சி மைய விளம்பரத்திலிருந்து பெற்றோர் பேச்சுவரை இந்த நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. கணக்கைக் கண்டு மிரளும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் பலரும் இதைச் சொல்கிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளையைப் பாதி வழியில் கைவிடுகிறார்கள்.

தொடக்க வகுப்பில் தரப்படும் ஒரு பயிற்சியையே பார்ப்போம். புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களை மாறிமாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்து, மீதியை 10இலிருந்து கழிக்க வேண்டும். மாணவர் அப்படியே ஒரு வரி எழுதுகிறார். கையிலுள்ள புத்தகத்துக்கு விடை சரியாக வருகிறது. வேலை முடிந்தது என்று மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம். ஆனால் கூட்டுத்தொகை 120 ஆனால் மீதி 0. நிரல் சொல்லும் விடை 10. ஓரிலக்கம் வரவேண்டிய இடத்தில் ஈரிலக்கம்! மீதியின் இயல்பு புரிந்தவர்தான் விடையை மறுபடியும் 10ஆல் வகுத்து மீதி எடுப்பார்.

அடுத்து, 3 எதற்கு? அங்கே 5 போட்டாலும் நிரல் ஓடும், பிழைச் செய்தி வராது. ஆனால் 5ஆல் பெருக்கும் இடத்தில் 2க்குப் பதில் 4 என்று தட்டினால், 10க்கும் 20க்கும் மீதி ஒன்றே, தவறு தப்பிவிடும். 3க்கும் 10க்கும் 1ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லை. அதனால்தான் ஓரிலக்கத் தவறு எதுவும் தப்புவதில்லை.

அந்த 3க்கும் எல்லை உண்டு. 16 என்பதை 61 என்று மாற்றி அடித்தால் 1+18=19, 6+3=9; மீதி மாறவில்லை. பழைய 10 இலக்க ஐ.எஸ்.பி.என். 11 என்ற பகா எண்ணை நம்பியிருந்ததால் இந்த இடமாற்றத்தையும் பிடித்தது. 2007இல் 13 இலக்கத்துக்கு மாறியபோது அந்தப் பாதுகாப்பு போயிற்று.

“ஆயத்த நிரல்கள் கிடைக்கின்றனவே” என்பார்கள். கிடைக்கட்டும். எதைத் தேர்வது, எந்த எண்ணைக் கொடுத்துச் சோதிப்பது என்பதை யார் சொல்வார்? 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைக் கொண்டே இருவகைத் தவறுகளையும் முழுதாகப் பிடிக்கலாம் என 1969இல் காட்டியவர் நெதர்லாந்தின் வெர்ஹோஃப். நம் ஆதாரின் கடைசி இலக்கம் அவர் முறைப்படி அமைந்தது. அவருக்கு வழி திறந்தது கணிதம்.

எல்லா நிரலுக்கும் நுண்கணிதம் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்புப் பாடநூலிலேயே இந்த மீதிக் கணக்கு, மட்டு எண்கணிதம் என்ற பெயரில் இருக்கிறது. அதைக் கணினி வகுப்பில் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். ஓடும் நிரலுக்குப் பாதி மதிப்பெண் போதும். எந்தத் தவறு தன் நிரலிடம் தப்பும் என்று சொல்லத் தெரிந்தவருக்கே மீதிப் பாதி.